விடுதியில் அனிமே திரையிடல்: எந்த நாட்டு வயதுக் குறியீட்டை எடுத்துக்கொள்வது?

#1 கொடை_காப்பாளர்

கொடைக்கானலில் உறைவிடப் பள்ளி விடுதி. பிள்ளைகளுக்கு 11 முதல் 17 வயது. நம்மூர்ப் பிள்ளைகளோடு கொரியா, ஜெர்மனி, அமெரிக்காவிலிருந்து வந்தவர்களும் உண்டு. மழை பிடித்துவிட்டால் சனிக்கிழமை சாயங்காலம் ஏரிப்பக்கம் அனுப்ப முடியாது, ஹாலில் படம்தான். மாணவர் குழு நான்கு அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) படங்களைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறது. குறியீடுகளைத் தேடியதில் கிடைத்தது இது:

யுவர் நேம் (2016): ஜப்பானில் ஜி (எல்லாரும் பார்க்கலாம்), அமெரிக்காவில் பிஜி (பெற்றோர் வழிகாட்டுதலோடு), பிரிட்டனில் 12ஏ (12க்குக் கீழ் என்றால் பெரியவர் துணையோடு).
எ சைலன்ட் வாய்ஸ் (2016): ஜப்பானில் ஜி, பிரிட்டனில் 12ஏ, அமெரிக்காவில் குறியீடே கிடையாது.
கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ் (1988): பிரிட்டனில் 12ஏ, அமெரிக்காவில் குறியீடு கிடையாது.
டீமன் ஸ்லேயர்: மூகன் ட்ரெய்ன் (2020): ஜப்பானில் பிஜி12, பிரிட்டனில் 15, அமெரிக்காவில் ஆர்.

ஒரே படம் ஒரு நாட்டில் தொடக்கப்பள்ளிப் பிள்ளை பார்க்கலாம், இன்னொரு நாட்டில் பதினேழு ஆக வேண்டும் என்றால் விடுதி எதைப் பின்பற்றுவது? எல்லாருக்கும் சொல்லக்கூடிய ஒரே விதி வேண்டும்.

#2 மலைப்பூண்டு

இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? இருக்கறதுலயே கடுமையான குறியீடு எதுவோ அதை எடுங்க. மூகன் ட்ரெய்ன் ஆர், அப்ப பதினேழுக்குக் கீழ வேண்டாம். பெத்தவங்க யாரும் வந்து கேக்க முடியாது. நீங்க லீவுல இருக்கும்போது மாத்துக்கு வர்ற காப்பாளர் கூடப் பட்டியலைப் பாத்து முடிவெடுக்கலாம். விதின்னா அப்படித்தான் இருக்கணும்.

#3 குன்னூர்_குட்டிரயில்

"கடுமையான குறியீடு"ன்னு ஒண்ணு கிடையாதுங்க. அங்கேயே உங்க விதி உடையுது.

அமெரிக்க ஆர்: 17 வயசுக்குக் கீழ இருக்கறவங்க அப்பா அம்மாவோ பொறுப்பான பெரியவங்களோ கூட வந்தா உள்ள போகலாம். ஆறு வயசுக் குழந்தையை மடியில வச்சுக்கிட்டுப் பார்த்தாலும் அது விதிமீறல் இல்லீங்க. பிரிட்டன் 15: பதினாலு வயசுப் பையன் அப்பன் ஆத்தா தாத்தா எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போனாலும் டிக்கெட் கிடையாது. இப்ப எது கடுமை? எண்ணைப் பார்த்தா அமெரிக்கா. வாசல்ல நடக்கறதைப் பார்த்தா பிரிட்டன்.

இதே மாதிரி ஜப்பான் பிஜி12ல யாரையும் தடுக்கறதில்லை. பன்னிரண்டுக்குக் கீழ இருந்தா பெத்தவங்க பார்த்துச் சொல்லட்டும்கற அறிவுரை அது. ஆர்15+, ஆர்18+ ரெண்டும்தான் அங்க தடை. ஆஸ்திரேலியாவுல எம்ங்கறது அறிவுரை, அடுத்த படியான எம்ஏ15+ சட்டத் தடை. ஜெர்மனியில எஃப்எஸ்கேங்கற குறியீட்டு அமைப்பு 12 போட்ட படத்துக்கு ஆறு வயசுப் பிள்ளை பெத்தவங்களோட போகலாம், ஆனா 16 போட்டா அந்தச் சலுகை இல்லை. அறிவுரையையும் தடையையும் ஒரே வரிசையில அடுக்கி "பெருசு எது"ன்னு கேட்டா விடை வராதுங்க.

#4 மலைப்பூண்டு

சரி, கூட ஆள் வரலாமாங்கறதை விடுங்க. எண்ணை மட்டும் எடுத்துக்கறேன். 12, 15, 17. பெரிய எண் 17. அவ்வளவுதான்.

#5 குன்னூர்_குட்டிரயில்

எண்ணும் படம் பார்த்துப் போட்டது மட்டும் இல்லீங்க, அந்த ஊர் ஏணியில எங்கெங்க படி இருக்குங்கறதும் அதுல சேர்ந்திருக்கு. அமெரிக்காவுல பிஜி-13ஐத் தாண்டினா அடுத்த படி ஆர்தான், நடுவுல 15 கிடையாது. அந்த பிஜி-13 கூட 1984லதான் வந்துச்சு. பிரிட்டன் 15 போடற படம் அமெரிக்காவுக்குப் போனா ஒண்ணு 13க்கு இறங்கணும், இல்லைன்னா 17க்கு ஏறணும். ஜெர்மனியில 12க்கு அப்புறம் 16. ஸ்வீடன்ல உச்சமே 15தான். அங்க 15 போட்டிருக்கேன்னு அது பிரிட்டன் 15க்குச் சமம்னு நினைச்சுடாதீங்க. நம்ம ஊர்ல 18க்கு வேற என்ன போடுவாங்களோ அதெல்லாமும் அந்த ஒரே டப்பாவுல கிடக்கும்.

மூகன் ட்ரெய்ன் ஆர் ஆனதுக்கு, அங்க குறியீடு போடற அமெரிக்க மோஷன் பிக்சர் சங்கம் சொன்ன காரணம் வன்முறையும் ரத்தக் காட்சிகளும் மட்டும்தான். உடலுறவும் இல்லை, போதையும் இல்லை. ரத்தத்துக்காக 13ங்கற படியைத் தாண்டிடுச்சு, அடுத்த படி 17ல இருந்துச்சு. அவ்வளவுதாங்க.

#6 தொட்டபெட்டா_ஓட்டாக்கு

நான் கேக்குறது வேற. படம் எடுத்தது ஜப்பான்ல. வாள்சண்டையும் பேயும் அங்க உள்ள பிள்ளைங்க எப்படி எடுத்துக்கிறாங்கன்னு தெரிஞ்சவங்க குடுத்த குறியீட்டை விட்டுட்டு, எதுக்கு லண்டனைக் கேக்கணும்? ஜப்பான்ல குடும்பம் குடும்பமா போய்ப் பார்த்துத்தான் 2020 டிசம்பர்ல ஸ்பிரிட்டட் அவே படத்தோட வசூலையே தாண்டிச்சு. பிஜி12 போதும்.

#7 செண்பகனூர்

தம்பி, வசூல் கணக்கு வயதுக் கணக்கு ஆகாது. மூகன் ட்ரெய்ன் கதையில் கனவிலிருந்து விழிக்க நாயகப் பையன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறான். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. கதைக்குள் அது தப்பிக்கும் வழி. பதின்மூன்று வயதில் ஏற்கெனவே தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமுள்ள பிள்ளை ஹாலில் இருந்தால் அங்கே ரத்தத்தின் அளவு எனக்குப் பிரச்சினையே இல்லை, "செய்தால் சரியாகிவிடும்" என்ற அமைப்புதான் பிரச்சினை. எண் இதைச் சொல்லுமா? பிஜி12, ஆர், 15 மூன்றும் சொல்லாது.

ஜப்பானின் எய்ரின் 1949ல் தொடங்கியது, திரைத்துறையே நடத்தும் அமைப்பு, அரசுத் துறை அல்ல. அது தரக் குறைவு என்று சொல்ல வரவில்லை. அமெரிக்கச் சங்கமும் துறையின் சொந்த அமைப்புதான். ஆனால் எய்ரின் ஜி போட்ட எ சைலன்ட் வாய்ஸ் பையன் ஒருவன் சாகத் திட்டமிடுவதில் தொடங்குகிறது. காது கேளாத பெண்ணைப் பள்ளியில் வதைத்தவன் அவன். பிற்பாடு அந்தப் பெண்ணே மாடியிலிருந்து குதிக்கப் போகிறாள். அருமையான படம். ஆனால் "ஜி, எல்லாரும் பார்க்கலாம்" என்று 11 வயதுக் குழந்தைகளை உட்கார வைத்துவிட்டுக் காப்பாளர் கணக்கு எழுதப் போய்விடக் கூடாது.

#8 தொட்டபெட்டா_ஓட்டாக்கு

அக்கா, அப்ப கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்? 1988 ஏப்ரல்ல அது டொட்டோரோவோட சேர்த்து ஒரே டிக்கெட்ல ரெட்டைப் படமா ஓடுச்சு. ஒரு பக்கம் குழந்தைப் படம், இன்னொரு பக்கம் போர்ல பட்டினியால சாகுற அண்ணன் தங்கச்சி. அந்தக் குழந்தைங்கல்லாம் கெட்டா போயிட்டாங்க?

#9 மலைப்பூண்டு

ரெண்டையும் ஒரே டிக்கெட்ல போட்டதை ஒழுங்கான திட்டம்னு எவன் சொன்னான்? அதைப் போய் எடுத்துக்காட்டா காட்டுறியே தம்பி.

#10 ஊட்டி_வர்க்கி

எல்லாரும் வெளிநாட்டையே பேசுகிறீர்கள். விடுதி இருப்பது திண்டுக்கல் மாவட்டத்தில். இந்திய விதி முதலில்.

திரையரங்குக்கு: 1952 சினிமாட்டோகிராஃப் சட்டம், மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியம். 2023 திருத்தத்துக்குப் பின் பழைய யு/ஏ மூன்றாகப் பிரிந்தது: யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+. 2024 மார்ச்சிலிருந்து புதிய விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. இந்த மூன்று எண்களும் பெற்றோருக்கான பரிந்துரைதான், வாசலில் தடுக்க அல்ல. ஏ மட்டும்தான் 18க்குக் கீழ் தடை. மொழிமாற்றிய ஒவ்வொரு பதிப்பும் தனியாகச் சான்றிதழ் வாங்க வேண்டும். 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் இன்ஃபினிட்டி காசில் இங்கே தமிழிலும் வந்ததே, அந்த மாதிரிப் படங்களுக்கு ஜப்பானிய ஒலிக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என்று தனித்தனிச் சான்றிதழ் இருக்கும். படம் தொடங்கும்போது காட்டுவதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

ஓடிடிக்கு: 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள். யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று பெயர் ஏறக்குறைய அதே. ஆனால் போடுவது வாரியம் அல்ல, அந்தந்த நிறுவனமே போட்டுக்கொள்வது. 13+ முதல் பெற்றோர் பூட்டு வசதி கொடுத்தாக வேண்டும், ஏ என்றால் வயதைச் சரிபார்க்கும் ஏற்பாடு வேண்டும். குறியீட்டோடு காரணமும் தொடக்கத்தில் காட்டியாக வேண்டும். ஆகவே செல்போனில் தெரியும் "யு/ஏ 16+" வாரியச் சான்றிதழ் அல்ல. பலரும் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தொலைக்காட்சியில் இன்னொரு விதம். கேபிள் விதிகளின்படி ஏ படம் ஒளிபரப்ப முடியாது, வெட்டி யு அல்லது யு/ஏ வாங்கியாக வேண்டும்.

#11 குன்னூர்_குட்டிரயில்

வர்க்கி சார் சொன்னது சரிங்க. ஆனா நம்ம ஊர்ல குறியீடு எப்படி ஆடும்னு ஷின்சான் கார்ட்டூனைப் பார்த்தாலே தெரியும். ஜப்பான்ல குடும்பமா உட்கார்ந்து பார்க்கற நிகழ்ச்சி. இங்க ஹங்காமா சேனல்ல 2006ல வந்துச்சு, 2008ல ஒன்றிய அரசு தடை போட்டுச்சு, அப்புறம் வெட்டுப்பட்டுத் திரும்ப வந்துச்சு. அமெரிக்காவுலயோ வசனத்தையே மாத்தி எழுதி ராத்திரி நேரத்துப் பெரியவங்க நிகழ்ச்சியா ஓட்டினாங்க. வரைஞ்ச படம் ஒண்ணுதான். மூணு நாட்டுல மூணு வயசு.

அதனால நான் சொல்றது: குறியீடு படத்துக்கு இல்லை, பதிப்புக்கு. உங்க கையில இருக்கற பதிப்பு எதுன்னு தெரியாம எந்த நாட்டு எண்ணையும் ஒட்டாதீங்க. ஒன் பீஸ் தொடரோட அமெரிக்க மொழிமாற்றத்துல சஞ்சிங்கற பாத்திரத்தோட வாயில இருந்த சிகரெட்டை லாலிபாப்பா மாத்தினாங்க, தெரியுமில்ல? அதைப் பார்த்துட்டுப் போட்ட குறியீடு மூலப் பதிப்புக்கு எப்படிப் பொருந்தும்? ஜப்பான்லயே டிவியில வரும்போது வெளிச்சக் கீற்றும் ஆவியும் போட்டு மறைக்கற காட்சிகள், டிஸ்க்ல மறைப்பில்லாம வர்றது வழக்கம்.

#12 கொடை_காப்பாளர்

பதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடும் நேரத்தை ஒப்பிட்டால் போதுமா? ஒரு பழைய பிரிட்டன் டிவிடியில் சில நிமிடம் குறைகிறது, வெட்டியிருப்பார்களோ என்று சந்தேகம்.

#13 குன்னூர்_குட்டிரயில்

நேரத்தை மட்டும் நம்பாதீங்க. பிரிட்டன் டிவிடி பால் (PAL) ஒளிபரப்பு முறை: நொடிக்கு 24 சட்டகத்துல (ஃப்ரேம்) எடுத்த படத்தை 25ஆ ஓட்டும். 120 நிமிஷப் படம் 115 நிமிஷத்துல முடிஞ்சிடும், ஒரு சட்டகம் கூடக் குறையாம. நூத்துக்கு நாலு குறைஞ்சா அது வேகம். அதுக்கு மேல குறைஞ்சாத்தான் வெட்டைத் தேடணும். புளூரேல இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லீங்க.

டிஸ்க் உறையில இன்னொரு பொறி இருக்கு. பிரிட்டன் உறையில பெருசா அச்சிட்ட எண் அந்த டிஸ்க்ல உள்ள எல்லாத்துக்கும் சேர்த்து. படம் 12ஆ இருந்து, கூட வச்ச முன்னோட்டம் ஒண்ணு 15ஆ இருந்தா உறையில 15தான் இருக்கும். தொடர்னா இன்னும் மோசம்: மொத்தத் தொகுப்புல ஒரே ஒரு அத்தியாயம் 15 ஆனாலும் பெட்டி முழுக்க 15. அமெரிக்க அனிமே டிஸ்க்ல டிவி-14 (14க்கு மேல), டிவி-எம்ஏ (பெரியவங்களுக்கு)ன்னு பார்ப்பீங்க. அது பெரும்பாலும் வெளியிட்ட நிறுவனமே போட்டுக்கிட்டது, எந்த வாரியமும் பார்த்துப் போட்டதில்லை.

"அமெரிக்காவில் குறியீடு இல்லை"ன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்குப் படம் கெட்டதுன்னு அர்த்தம் இல்லீங்க. அங்க சங்கத்துக்கு அனுப்பறது கட்டாயமில்லை. கட்டணம் கட்டி அனுப்பினாத்தான் எண் வரும். சின்ன வெளியீட்டாளருங்க அனுப்பாமயே விட்டுடுவாங்க.

#14 மலைப்பூண்டு

எல்லாம் சரி, ஒத்துக்கறேன். ஆனா நீங்க சொல்ற மாதிரி பதிப்பு பாத்து, காரணம் படிச்சு, காட்சி காட்சியா யோசிச்சு முடிவெடுக்க ஒரு விடுதியில யாருக்கு நேரம்? நூறு பிள்ளைக்கு ரெண்டு காப்பாளர். ஒருத்தர் சாப்பாட்டுக்கூடத்துல, ஒருத்தர் காய்ச்சல் வந்த பையனோட. ஒவ்வொரு படத்துக்கும் ஆராய்ச்சி பண்ணச் சொன்னா கடைசியில ஒருத்தரும் பண்ண மாட்டாங்க, கையில கிடைச்சதை ஓட்டிவிடுவாங்க. முரட்டு விதியா இருந்தாலும் கடைப்பிடிக்கற விதி நல்லது. இதுக்குப் பதில் சொல்லுங்க.

#15 செண்பகனூர்

மலைப்பூண்டு அண்ணன் கேட்டது நியாயம். ஆராய்ச்சியைக் காப்பாளர் தலையில் கட்ட வேண்டாம். பிரிட்டன் வாரியமான பிபிஎஃப்சி ஒவ்வொரு படத்துக்கும் காரணங்களைத் தலைப்பு வாரியாக எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது: வன்முறை, அச்சுறுத்தல், உடலுறவு, கெட்ட வார்த்தை, தன்னைக் காயப்படுத்துதல், தற்கொலை என்று. படிக்கப் பத்து நிமிடம் ஆகாது. எண்ணை அங்கிருந்து எடுக்கச் சொல்லவில்லை, காரணத்தை எடுக்கச் சொல்கிறேன். பிள்ளைகள் பார்த்து அப்படியே செய்யக்கூடியதா என்பதை அவர்கள் தனியாகக் கவனிப்பார்கள். அமெரிக்கக் குறியீட்டில் ஒரு வரிக் காரணம்தான் கிடைக்கும்.

பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். பிஜி12, 12ஏ, யுஏ எல்லாமே பக்கத்தில் ஒரு பெரியவர் இருப்பார் என்று நம்பிப் போட்டவை. விடுதியில் அந்தப் பெரியவர் காப்பாளர்தான், இரண்டு பேருக்கு நூறு பிள்ளை. வீட்டில் அம்மா பக்கத்தில் இருந்தால் கையைப் பிடித்துக்கொள்வார் அல்லது நிறுத்திவிடுவார். ஆகவே "பெற்றோர் வழிகாட்டுதலோடு" என்று இருந்தால் விடுதிக்கு அதை ஒரு படி ஏற்றியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பருவத் தொடக்கத்தில் ஒரே தாள் அனுப்பலாம். "யுஏ 13+ சம்மதமா?" என்று கேட்காதீர்கள், சியோல்காரருக்கும் சேலத்துக்காரருக்கும் அது ஒரே பொருள் தராது. ரத்தம் தெறிக்கும் சண்டை, போர்ச் சாவு, தற்கொலை முயற்சி, பாலியல் கேலி, பேய் பயம் என்று ஐந்து கட்டம். சம்மதம் உள்ளதற்கு மட்டும் டிக் போடச் சொல்லுங்கள்.

#16 ஊட்டி_வர்க்கி

ஒப்புதலோடு உரிமையும். ஓடிடி சந்தா தனிப்பட்ட வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். ஹாலில் புரொஜெக்டரில் போடுவது அதில் வராது. 1957 பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில், கல்வி நிறுவனச் செயல்பாட்டின் பகுதியாக ஆசிரியர், மாணவர், பெற்றோர் போன்றவர்கள் மட்டும் பார்க்கப் படம் காட்டுவதற்கு விலக்கு இருக்கிறது. டிக்கெட் விற்பது, ஊராரை அழைப்பது கூடாது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்தான் பாதுகாப்பான வழி. நிர்வாகத்தின் வக்கீலிடம் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

#17 தொட்டபெட்டா_ஓட்டாக்கு

பிள்ளைங்க ஹால்ல பார்க்காததை ரூம்ல போன்ல பார்ப்பாங்களே, அதை யாரும் பேசலையே? ஓடிடி கணக்கை யார் பேர்ல வச்சிருக்காங்களோ அவங்க பிரவுசர்ல கணக்குப் பக்கம் போகணும். ஒவ்வொரு புரொஃபைலுக்கும் வயசு எல்லை போடலாம், குறிப்பிட்ட தொடரைப் பேர் சொல்லித் தடுக்கலாம். முக்கியமா பெரியவங்க புரொஃபைலுக்கு நாலு இலக்கப் பின் போடணும். பிள்ளை புரொஃபைலைப் பூட்டிட்டு அப்பா புரொஃபைலைத் திறந்து வச்சா என்ன பிரயோஜனம்? சீனாவுல வயசுக் குறியீடே இல்லை, 2015ல டெத் நோட், அட்டாக் ஆன் டைட்டன் உட்பட 38 தலைப்புகளை அப்படியே தடுத்துட்டாங்க. அது மாதிரி வேணும்னு யாரும் கேக்கலைன்னு நம்புறேன்.

#18 செண்பகனூர்

குறியீடு எதிலும் வராத ஒன்று. 1997 டிசம்பரில் போகிமான் அத்தியாயம் ஒன்றில் சிவப்பு நீல வெளிச்சம் வேகமாக மாறி மாறி அடித்ததில் ஜப்பானில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே டிவியில் மின்னலடிக்கும் காட்சிகளை மங்கலாக்குகிறார்கள், "வெளிச்சமான அறையில் தள்ளி உட்கார்ந்து பாருங்கள்" என்று போடுகிறார்கள். டிஸ்க் பதிப்பில் அந்த மங்கலாக்கம் எடுபட்டிருக்கலாம். வலிப்பு உள்ள பிள்ளை யார் என்பது விடுதி மருத்துவக் குறிப்பில் இருக்கும், பார்த்துவிடுங்கள். ஹால் விளக்கை முழுக்க அணைக்காதீர்கள், பின்வரிசை விளக்கு ஒன்று எரியட்டும். முதல் வரிசையைத் திரைக்கு மூக்குத் தொடும் தூரத்தில் போடாதீர்கள்.

#19 கொடை_காப்பாளர்

நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறேன். யுவர் நேம் எல்லாருக்கும்; உடல் மாறும் கேலி கொஞ்சம் வரும், அது தாளில் இருக்கும். கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ் 13க்கு மேல், சனிக்கிழமை ராத்திரி அல்ல, மறுநாள் பேச நேரம் இருக்கும் பகலில். எ சைலன்ட் வாய்ஸ் 14க்கு மேல், ஆலோசகர் ஹாலில் இருந்தால் மட்டும். மூகன் ட்ரெய்ன் 15க்கு மேல், தற்கொலைக் கட்டத்தில் டிக் இல்லாதவர்களுக்கு அன்று வேறு படம். இரண்டு பேர் முன்கூட்டிப் பார்த்து நேரம் குறித்து வைப்பார்கள்.

#20 மலைப்பூண்டு

மூகன் ட்ரெய்னுக்கு 15ங்கறதை நான் ஒத்துக்கலை. பதினொண்ணாம் வகுப்புன்னு வச்சா வயசுச் சண்டையே வராது, ஒரே வகுப்புல பாதிப் பேரு உள்ள பாதிப் பேரு வெளிய நிக்கறதும் இருக்காது. மத்தது சரி.

#21 குன்னூர்_குட்டிரயில்

அது நல்ல யோசனைதாங்க, வயசை விட வகுப்பு நிர்வகிக்க லேசு. ஆனா அப்ப பத்தாம் வகுப்புல இருக்கற பதினாறு வயசுப் பையன் வந்து கேட்பான், பதில் தயாரா வச்சுக்கோங்க.

டிஸ்க் வாங்கறதுக்கு முன்னாடி பிளேயரைப் பாருங்க. புளூரேல ஜப்பான், அமெரிக்கா, கொரியா ஏ மண்டலம், பிரிட்டன், ஜெர்மனி பி, இந்தியா சி. டிவிடின்னா அமெரிக்கா 1, பிரிட்டனும் ஜப்பானும் 2, இந்தியா 5. ஜெர்மனியில இருந்து வர்ற பெத்தவங்க யாராவது பி மண்டல டிஸ்க் கொண்டாந்தா இங்க வாங்கின பிளேயர்ல ஓடாம போகலாம். வெள்ளிக்கிழமையே ஒரு தடவை போட்டுப் பார்த்துடுங்க.